கிரேட் ஓஷன் ரோடு: ஒரே நாளில் ஓடிடாதீங்க!

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் போகிற பலரும் கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் பஸ்ஸில் 'முடித்துவிட்டு' வந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், இறந்துபோன தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை கையால் வெட்டிப் போட்ட கடலோரச் சாலை அது. சுமார் 240 கிலோமீட்டர்! வேலை நடந்தபோது அவர்கள் படுத்ததும் கூடாரங்களில்தான்.

அதனால் முதுகுப்பையோடு வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து, பெட்ரோல் செலவைப் பங்குபோட்டு, அனுமதியுள்ள இடங்களில் கூடாரம் அடித்துப் போவதுதான் அந்தச் சாலைக்கு மரியாதை. லண்டன் பாலம் என்கிற பாறை வளைவு 1990-ல் உடைந்தது. பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளில் ஒன்று 2005-ல் சரிந்தது. ராத்திரி படுத்து அலைச் சத்தம் கேட்டால்தான் கடல் என்ன வேலை செய்கிறது என்று புரியும். போட்டோவில் அது வராதுங்க!