கணக்கில் வராத செலவு!

தெரு முனையில் ஒரு இட்லிக் கடை. புருஷனும் பெண்சாதியுமாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்த வீட்டுத் திண்ணையில்தான் கடை.

அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் செலவு. ராத்திரி கல்லாவை எண்ணினால் 4,000 ரூபாய் இருக்கிறது.

"இன்றைக்கு 1,500 ரூபாய் லாபம்!" என்கிறார் புருஷன்.

"எனக்குக் கூலி போட்டீங்களா?" என்று கேட்கிறாள் மனைவி.

அவர் விழிக்கிறார்.

அந்த அம்மாள் வேறு இடத்தில் வேலைக்குப் போனால் நாளைக்கு 600 ரூபாய் கிடைக்கும். அவருக்கு 750 ரூபாய் கிடைக்கும். திண்ணையை வாடகைக்கு விட்டால் மாதம் 6,000 ரூபாய், அதாவது நாளைக்கு 200 ரூபாய் வரும். மூன்றையும் கூட்டுங்கள். 1,550 ரூபாய்! லாபம் போய், 50 ரூபாய் நஷ்டம்!

பொருளாதார நிபுணர்கள் அந்த அம்மாளின் கட்சி. கையை விட்டுப் போன பணம் மட்டும் செலவு அல்ல, ஒரு காரியத்துக்காக நாம் விட்டுக்கொடுத்த வருமானமும் செலவுதான் என்பது அவர்கள் வாதம்.

அப்படியானால் கடையை மூடிவிடுவதா? அவசரப்பட வேண்டாம். கூலி வேலை தினமும் கிடைக்குமா, திண்ணைக்கு ஆள் வருமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஆனால், கணக்கை ஒழுங்காகப் போட்ட பிறகு அல்லவா முடிவு செய்ய வேண்டும்?

நெல்லுக்கு இரண்டு கணக்கு

இந்தத் திண்ணைக் கணக்குத்தான் நாட்டையே உலுக்கிய ஒரு சண்டைக்குக் காரணம். நெல் விலைச் சண்டை அது.

டெல்லியில் விவசாயச் செலவு, விலை கமிஷன் என்று ஒன்று இருக்கிறது. 1965-ம் ஆண்டில் வேறு பெயரில் தொடங்கியது. ஒரு குவிண்டால் நெல் விளைவிக்க எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்த்து, சர்க்காருக்கு விலை சிபாரிசு செய்வது அதன் வேலை.

அந்தக் கமிஷன் ஒரே பயிருக்குப் பலவிதமாகச் செலவுக் கணக்குப் போடுகிறது. அதில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதல் கணக்கு: விதை, உரம், மருந்து, ஆள் கூலி, டீசல், குத்தகை என்று விவசாயி கையிலிருந்து கொடுத்தது. அதோடு, அவர் குடும்பத்தார் வயலில் உழைத்த உழைப்புக்கு ஒரு கூலி. இதை "ஏ-2 கூட்டல் எப்.எல்." என்பார்கள்.

இரண்டாவது கணக்கு: மேலே சொன்னது எல்லாம் உண்டு. அதற்கு மேல், சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி. இதற்கு "சி-2" என்று பெயர்.

இட்லிக் கடைக்காரர் பாஷையில் சொன்னால், முதல் கணக்கில் மனைவிக்குக் கூலி போட்டாயிற்று. திண்ணைக்கு வாடகை போடவில்லை. இரண்டாவது கணக்கில் திண்ணை வாடகையும் சேர்ந்துவிட்டது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா?

கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004-ம் ஆண்டில் தேசிய விவசாயிகள் கமிஷன் அமைந்தது. சராசரி உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவிகிதம் கூடுதலாக விலை கொடுக்க வேண்டும் என்று 2006-ல் அது சிபாரிசு செய்தது. 2018 பிப்ரவரியில், அப்போதைய நிதி மந்திரி அருண் ஜெட்லி, "செலவைப் போல் ஒன்றரை மடங்கு விலை" என்று பட்ஜெட்டில் அறிவித்தார்.

எந்தச் செலவு? அங்கேதான் சிக்கல்!

2018-19-ம் ஆண்டுக்கு, முதல் கணக்குப்படி ஒரு குவிண்டால் நெல்லின் செலவு 1,166 ரூபாய். சி-2 கணக்குப்படி 1,560 ரூபாய். சர்க்கார் முதல் கணக்கை எடுத்துக்கொண்டது. விலை 1,750 ரூபாய் ஆயிற்று. இரண்டாவது கணக்கை எடுத்திருந்தால் 2,340 ரூபாய் ஆகியிருக்கும். குவிண்டாலுக்கு 590 ரூபாய் வித்தியாசம்!

2025-26-ம் ஆண்டிலும் இதே முறைதான். செலவு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, சாதாரண ரக நெல்லுக்கு 2,369 ரூபாய் விலை வைத்தார்கள்.

விவசாயச் சங்கங்கள் சி-2 கணக்கைத்தான் கேட்கின்றன. "நிலத்தை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் பணம் வந்திருக்குமே?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

எதிர்த் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. நெல் விலை ஏறினால் நிலத்தின் குத்தகையும் ஏறும். குத்தகை ஏறினால் "செலவு" ஏறும். செலவு ஏறினால் மறுபடி விலை ஏற வேண்டும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான்! இந்த வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால், எந்தக் கணக்கின்படி ஒன்றரை மடங்கு என்று முதல் நாளிலேயே பச்சையாகச் சொல்லியிருந்தால், பாதி மனக்கசப்பு குறைந்திருக்கும்.

பாலாற்றில் கலந்த செலவு

இட்லிக் கடைக்குத் திரும்புவோம். பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீரை அவர்கள் எங்கே கொட்டுகிறார்கள்? பக்கத்து வீட்டு வாசலில் கொட்டினால் கடைக்குச் செலவே இல்லை. செலவெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு!

தொழிற்சாலைகளின் கணக்கில் பெரிய ஓட்டை இதுதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு 1920-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் வராத செலவையும் சேர்த்தால்தான் நாட்டுக்கு ஆன உண்மையான செலவு தெரியும் என்றார்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழில் பேர் போனது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவிகிதம் தமிழ்நாட்டிலிருந்து போனது என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அன்னியச் செலாவணி வந்தது. பல குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது.

அதே தீர்ப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தோல் ஷாப் கழிவு நீரால், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கு இல்லாமல் போயிற்று!

இந்த நஷ்டத்தை எப்படி ரூபாயாக மாற்றுவது? நிபுணர்கள் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். விளைச்சல் எவ்வளவு குறைந்தது, நிலத்தின் விலை எவ்வளவு விழுந்தது, குடிதண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டு வர என்ன செலவு, ஆற்றைச் சுத்தம் செய்ய என்ன செலவு என்று ஒவ்வொன்றாக மதிப்புப் போடுகிறார்கள். கிணற்றடியில் பரம்பரையாக இருந்த தென்னந்தோப்பு கருகிப் போனதற்கு என்ன விலை போடுவது? அதற்கு அவர்களிடமும் நல்ல வழி இல்லை.

1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவர்தான் பணம் கொடுக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டை நிர்ணயிக்க அதிகாரம் உள்ள ஒரு அமைப்பை ஏற்படுத்தச் சொன்னது.

விவகாரம் அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ந் தேதி அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பாக்கி நஷ்டஈட்டை ராஜ்ய சர்க்கார் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 28 வயது!

நாள் ஒன்றுக்கு என்ன விலை?

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. வியாபாரிகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

திருப்பூர் பனியன் தூத்துக்குடியில் கப்பல் ஏறி, செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும். 2023 நவம்பரிலிருந்து ஏமன் நாட்டு ஹவுதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். கப்பல் கம்பெனிகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. 10 முதல் 14 நாள் அதிகம்! கப்பல் கட்டணம் ஏறியதை ரசீதில் பார்க்கலாம். காத்திருந்த நாட்களுக்கு ரசீது ஏது?

அமெரிக்காவுக்கு வரும் சரக்குகளை ஆராய்ந்த இரண்டு நிபுணர்கள் 2013-ல் ஒரு மதிப்பு வெளியிட்டார்கள். சரக்கு வழியில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அதன் விலையில் 0.6 முதல் 2.1 சதவிகிதம் வரை வரி போட்டதற்குச் சமம் என்றார்கள். அந்தக் கணக்கை அப்படியே போட்டால், ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு பத்து நாள் தாமதித்தால் 6,000 முதல் 21,000 ரூபாய் வரை போச்சு!

இந்தியாவில் சரக்குப் போக்குவரத்துச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 13, 14 சதவிகிதம் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தார்கள். மேடைக்கு மேடை இதே எண்தான். 2025-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விரிவான கணக்கில், 2023-24-ம் ஆண்டுக்கு அது 7.97 சதவிகிதம்தான் என்று தெரிந்தது. ஒழுங்காக எண்ணிப் பார்க்காத எண்ணும் ஊர் சுற்றும்!

இலவச வைத்தியத்தின் செலவு

சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசநோய்க்கு மருந்து இலவசம். அப்படியானால் நோயாளிக்குச் செலவு பூஜ்யமா?

பஸ் கட்டணம் இருக்கிறது. துணைக்கு வந்தவருக்கு அன்றைய கூலி போயிற்று. நோயாளி மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. நல்ல சாப்பாடு வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் இவை அத்தனையையும் எழுதிக் கூட்டுகிறது. குடும்பத்தின் வருஷ வருமானத்தில் 20 சதவிகிதத்துக்கு மேல் போனால், அது "குடும்பத்தைக் கவிழ்க்கும் செலவு". பல நாடுகளில் இப்படிக் கணக்கு எடுத்தபோது, சுமார் பாதிக் குடும்பங்கள் கவிழ்ந்திருந்தன!

நம் நாட்டில் மொத்த வைத்தியச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவிகிதமாக இருந்தது. 2021-22-ல் 39.4 சதவிகிதமாகக் குறைந்தது. சந்தோஷம். ஆனால் இழந்த கூலி இந்த எண்ணில் சேரவில்லை.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். ஏழை நாட்டில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை வீட்டிலேயே வைத்து, ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தன. வீட்டில் இரண்டும் குறைவு. ஆனாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான்! வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானதும், உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது.

படுக்கைச் செலவு மிச்சமாயிற்று. அம்மா பிள்ளைகளை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. ஆனால் நோயாளிக்கு ஓய்வும் சாப்பாடும் கொடுக்கும் பொறுப்பு வீட்டின் தலையில் விழுந்தது. அதை எந்தப் பேரேட்டிலும் யாரும் பற்று எழுதவில்லை.

அறுபது வருஷத்துக்குப் பிறகு அதே சேத்துப்பட்டு நிலையம் அந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு, பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது!

காசநோயாளிகளின் சாப்பாட்டுக்கு மத்திய சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாய் ஆக்கியது. வேலைக்குப் போகாத நோயாளிக்கும், கூலியை விட்டுவிட்டு அவருக்குக் கஞ்சி வைக்கும் மனைவிக்கும் சேர்த்து, நாளைக்கு 33 ரூபாய்.