பிரேக் போல்ட்டை இறுகவைப்பது யார்?

புதியம்புத்தூரில் தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடுகிறது. நானும் ரெடிமேட் சட்டை தைத்து வெளியூருக்கு அனுப்புகிறவன்தான். சரக்கு வேனுக்கும் வீட்டுக் காருக்கும் பிரேக் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். முன்சக்கரத்தில் பேட் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, போல்ட் கழன்றுவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். கழலவில்லை என்றால் அன்றைய பொழுது போச்சு. "துரு பிடிச்சுட்டு, என்ன செய்ய?" என்று எல்லோரும் துருவின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதிப் பழி, அந்த போல்ட்டைப் போன தடவை இறுக்கிய கைக்குப் போக வேண்டியது.

துருவுக்கு இந்தப் பக்கம் குறைவில்லைதான். கிழக்கே தருவைக்குளம், வேப்பலோடை என்று கடலோரம் நெடுக உப்பளங்கள். அந்தக் காற்றில் போய்வரும் வண்டியின் அடிப்பாகம் சீக்கிரமே சிவந்துவிடும். போதாக்குறைக்குக் கரிசல் மண். ஐப்பசி மழையில் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு ஏறி, காலிப்பருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே புகுந்து, அடுத்த வெயிலில் கட்டியாகிப்போகும். வெளியே காய்ந்து கிடந்தாலும் உள்ளே ஈரத்தை விடாது. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக இடம் கேட்கும். மரைக்குள் அதற்கு இடம் ஏது? ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் முழுக்கத் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்குக் கணக்கில்லை. என்ஜினுக்கும் ஒயரிங்குக்கும் கடன் வாங்கிச் செலவழித்தவர்களில் பலர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட வண்டிகளில் பின் டிரம் அசையவே மாட்டேன் என்கிறது.

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன். டயர் கடையில் சக்கரம் மாட்டுகிறார்கள். காற்றுத் துப்பாக்கியை வைத்து டர்ர்ரென்று ஓர் அடி, நட்டு இறுகிவிட்டது. சிறிய கார்களின் வீல் நட்டுக்குக் கையேட்டில் சொல்லியிருப்பது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டருக்கு முன்பின்தான். அரை மீட்டர் ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற இறுக்கம் அவ்வளவே. டயர் கடைத் துப்பாக்கிகள் பலவும் 400-ஐத் தாண்டித் திருக வல்லவை. விரல் எடுக்கத் தாமதித்தால் ஸ்டட் நீளும், மரை தேயும், டிஸ்க் ஒரே சீராக உட்காராது. எட்டயபுரம் சாலையில் இரவு பதினொரு மணிக்குப் பஞ்சரானால், வயதானவரோ ஒரு பெண்ணோ வண்டியோடு வந்த ஸ்பேனரை வைத்து அந்த நட்டைக் கழற்ற முடியுமா? மேலே ஏறி மிதிக்கிறார்கள், ஸ்பேனர் வழுக்கிக் காலில் விழுகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இறுக்கத்தை அளந்து வைக்கும் கருவியை நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலைபார்த்த கான்ராட் பார் என்பவர் 1918-லேயே செய்துவிட்டார். குழாய் இணைப்புகளில் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குகிறார்களே என்ற கவலைதான் காரணம். நூறு ஆண்டு கடந்துவிட்டது. டார்க் ரெஞ்ச் இன்று ஒரு டயரின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. ஆனாலும் நம் கடைகளில் அதைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, இறுகிய போல்ட் கண்முன் இருக்கிறது. என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பையனுக்கும் எனக்கும் எப்போதும் இதில்தான் பேச்சு.

"அண்ணாச்சி, பைப்பை மாட்டி ஒரே இழுவையா இழுத்துரட்டுமா?"

"பொறுலே. மொதல்ல எந்தப் பக்கம் திருப்புதேன்னு பாரு."

காலிப்பர் போல்ட்டின் தலை உள்பக்கம் பார்த்திருக்கும். வெளியே உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் திருப்பும்போது இடமும் வலமும் மாறிவிடும். கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அடுத்து, கம்பி பிரஷ்ஷால் மண்ணையும் துருவையும் தேய்த்து எடுக்க வேண்டும். துருவிளக்கி எண்ணெயைப் பேடிலும் டிஸ்க்கிலும் படாமல் மரையில் விட்டு, முடிந்தால் ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். எண்ணெய் இடுக்கில் ஊறி இறங்க அவகாசம் வேண்டும். அடித்த கையோடு திருகுகிறவருக்கு அந்த டப்பாவின் காசு வீண்.

ஸ்பேனர் விஷயத்தில் நான் கறார். திறந்த வாய் ஸ்பேனரைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. ஆறு மூலை உள்ள பாக்ஸ் ஸ்பேனர்தான் போல்ட் தலையை முழுசாகப் பிடிக்கும். பன்னிரண்டு மூலை உள்ளது இறுகிய தலையை மழுக்கிவிடும். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பிறகு இறுக்குகிற பக்கம் மயிரிழை, கழற்றுகிற பக்கம் மயிரிழை. துரு "கிறுக்" என்று உடைகிற சத்தம் கேட்டதும், திருப்பித் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம். போல்ட்டோடு சேர்ந்து கைடு பின்னும் சுற்றினால், மெல்லிய ஸ்பேனர் ஒன்றால் பின்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பின் டிரம் வேறு கதை. கை பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டு பாருங்கள். மாருதியின் பல சிறிய கார்களில் டிரம்மின் முகத்திலேயே மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். அதற்கேற்ற போல்ட் இரண்டை எடுத்து மாறி மாறிச் சமமாக முடுக்கினால், டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். கம்பெனிக்காரன் யோசித்து வைத்த வழி அது. அது தெரியாமல் சம்மட்டியால் அடித்து டிரம்மை விரிசல் விடவைப்பதைப் பார்க்கையில் வயிறு எரிகிறது.

கேஸ் வைத்துச் சூடாக்குவதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். ரப்பர் சீல் வெந்துவிடும். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த திரவம் உண்டு. அது தீயில் பட்டால் வருவது உயிரைக் குடிக்கும் வாயு. அதேபோல் கரிசல் தரையில் வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே கையை விடாதீர்கள். பலகை போட்டு, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் வேலை.

போல்ட் முறிந்துவிட்டால் தகர டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒன்றைத் தேடி எடுத்துப் போடுவதும் இங்கே சகஜம். அளவு மாறிய போல்ட் என்ன செய்யும் என்பதற்கு ஒரு விமானக் கதை உண்டு. 1990 ஜூன் 10-ஆம் தேதி பர்மிங்ஹாமிலிருந்து மலாகா போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்கியபடி உயிர் பிழைத்தார். கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் நூலளவு சிறியவை. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. காலிப்பர் போல்ட்டுக்கும் இதே கணக்குதான். அளவும் தரமும் சரியான புதியதை வாங்கி, மரையைத் துடைத்து, கையால் நாலு சுற்று ஏற்றி, பிறகு கையேட்டில் சொன்ன இறுக்கம். கைடு பின்னுக்கு அதற்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். எல்லாம் மாட்டியதும் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டுத்தான் வண்டி நகரலாம்.

டயர் கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். துப்பாக்கியை நட்டைக் கழற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி இறுக்கத்தைக் கையால் டார்க் ரெஞ்சில் கொடுங்கள், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பில்லில் எழுதுங்கள். வண்டிக்குச் சொந்தக்காரர்களும் வாய் திறந்து கேட்க வேண்டும். மீட்டர் துணி வெட்டும்போது அங்குலக் கணக்குப் பார்க்கிற ஊர் நம்முடையது. உயிரைத் தாங்குகிற நட்டுக்கு மட்டும் குத்துமதிப்பு போதும் என்று எந்தக் கடையிலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. அளந்து இறுக்கித் தர மனம் இல்லாத இடத்தில் என் வேன் சக்கரத்தைக் கொடுப்பதும் இல்லை.