தொண்டைக்கும் காய்ப்புழு கணக்குதான்

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் பருத்தி போட்டவங்களுக்கு மருந்து எதிர்ப்பு பற்றிப் பாடம் வேண்டாம். அடித்த மருந்துக்குத் தப்பின புழுதான் பெருகும். குஜராத்தில் பி.டி. பருத்திக்கே இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடங்கலைன்னு 2010-இல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது.

தொண்டை கரகரன்னாலே மெடிக்கலில் சீட்டு கேட்காமல், 'மூணு நாள் போடுங்க அண்ணாச்சி'ன்னு அசித்ரோமைசினை நீட்டுறாங்க. பெரும்பாலான தொண்டைவலி வைரஸால் வருவது. அதை இந்த மாத்திரை தொடாது. உடம்பிலுள்ள பாக்டீரியாவில் தாக்குப்பிடிக்கிறதை மட்டும் பொறுக்கி வளர்த்துவிடும். தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் அசித்ரோமைசினுக்கு மசியாத ரகம் பல நாடுகளில் வந்தாச்சு. கவனிக்காமல் விட்டால் பிள்ளைகளின் இருதய வால்வையே கெடுக்கக்கூடிய கிருமி அது. நல்லவேளை, பழைய பென்சிலினுக்கு இன்னும் அடங்குது.

சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி தப்பு. பூச்சிமருந்துக் கடையைப் பேசுற நம்ம சங்கக் கூட்டத்தில் மெடிக்கல் கடையையும் பேசணும்.