மளிகைக் கடையில் விற்கும் மருந்து

சீலியாக் என்று ஒரு வியாதி இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ புதுசாக வந்த கார் மாடல் மாதிரி இருக்கும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம். (பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் இதுதான்.) இது வயிற்றுக்குள் போனால் சிலருடைய உடம்பில் நோய் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். குடலின் உள்பக்கம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் மழுங்கிப் போகும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. ரத்தசோகை, எலும்பு பலவீனம், குழந்தையாக இருந்தால் வளர்ச்சிக் குறைவு என்று ஒவ்வொன்றாக வரும்.

இதைக் குணமாக்க இதுவரை மாத்திரை எதுவும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். இதைக் கண்டுபிடித்த கதையே வினோதமானது. வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே கோதுமை மேல் சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், ஹாலந்தில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தது. ஊரே பட்டினி கிடந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950ல் டிக்கே இதை ஆய்வேடாகவே எழுதினார்.

ஆக, இந்த வியாதிக்கு மருந்து சாப்பாடுதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சர்க்கரைக்கு இன்சுலின் வாங்கினால் மெடிக்கல் ஷாப் பில் வரும், அது மருத்துவச் செலவு. சீலியாக்காரர் வாங்கும் மருந்து மளிகைக் கடையில் இருக்கிறது. அந்த பில்லை "வீட்டுச் செலவு" என்ற தலைப்பில்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். குடும்பமும் சரி, இன்சூரன்ஸ் கம்பெனியும் சரி, அரசாங்கமும் சரி. தலைப்பை மாற்றி எழுதியதால் வரும் தப்பு இது. அக்கவுண்ட்ஸ் படிக்கிற எவருக்கும் உடனே புரியும்.

வயிற்று வலி மட்டும்தானே, பார்த்துச் சாப்பிட்டால் போச்சு என்று நினைப்பவர்களுக்காகத் தோலையும் தைராய்டையும் பற்றிச் சொல்ல வேண்டும். சீலியாக் உள்ள பலருக்கு வயிறு ஒன்றுமே சொல்லாது!

தோலில் வருவதன் பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். (வாயில் நுழைவதற்குள் அரிப்பே வந்துவிடும்.) முழங்கை, முழங்கால், பின்பக்கம், தலை ஆகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளமாக, கொத்துக் கொத்தாக வரும். அரிப்பு தாங்காது. ராத்திரி தூக்கம் போய்விடும். சொறிந்து சொறிந்து கொப்புளமெல்லாம் உடைந்து, டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது வெறும் கீறலும் புண்ணும்தான் மிஞ்சியிருக்கும். சிரங்கு என்பார்கள், எக்ஸிமா என்பார்கள், களிம்பு மேல் களிம்பாகப் போகும். ஃபிலடெல்பியாவில் லூயி டூரிங் என்பவர் 1884லேயே இதைத் தனி வியாதி என்று விவரித்துவிட்டார். ஆனால் இதற்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெரிய 1960கள் வரை ஆனது. கண்டுபிடிக்க, கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் தோலில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். புண்ணிலேயே எடுத்தால் தப்பான பதில் வரலாம்.

இதற்கு டாப்சோன் என்று ஒரு மாத்திரை. சில நாளிலேயே அரிப்பு அடங்கும். தொழுநோய்க்குக் கொடுக்கும் அதே மாத்திரை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் அந்த அட்டை யார் கண்ணிலாவது பட்டால் என்ன பேச்சு வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட முக்கியம், டாப்சோன் அரிப்பை அடக்குமே தவிர குடலைத் தொடாது. சிவப்பணுக்களையும் குறைக்கும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேறு. கோதுமையை விட்டால்தான் நிரந்தரத் தீர்வு. அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும்.

தைராய்டு இன்னும் தமாஷ். பாதிக்கப்பட்டவருக்கு அல்ல, கணக்குப் பார்ப்பவருக்கு. சீலியாக் உள்ளவர்களில் தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கும் கோளாறு மற்றவர்களைவிட அதிகம். அதற்குத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை. அந்த மாத்திரை ரத்தத்தில் கலப்பது எங்கே? அதே சிறுகுடலில். குடல் கெட்டிருந்தால் மாத்திரை சரியாக ஏறாது. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் டோஸைக் கூட்டுவார். அடுத்த முறையும் கூட்டுவார். "ஒழுங்காகப் போடுவதில்லையா?" என்று வீட்டில் திட்டு வேறு விழும். காரணமே தெரியாமல் டோஸ் ஏறிக்கொண்டே போனால் சீலியாக்கும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கோதுமையை நிறுத்திக் குடல் ஆறிய பிறகு அதே ஆளுக்குக் குறைந்த டோஸ் போதுமானதாக ஆவதும் உண்டு. இன்னொன்று, அயோடின் சிலருக்கு அந்தத் தோல் கொப்புளத்தைக் கிளப்பிவிடும். அதற்காக அயோடின் உப்பை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது; தைராய்டுக்கு அது வேண்டும். டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வயிற்றுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒருவர், தைராய்டுக்கு ஒருவர். மூன்று பைல், ஒரே ஆள். மூன்று பைலும் ஒரே மேஜைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். (சந்தேகம் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அப்புறம் கோதுமையை நிறுத்துங்கள். முன்பே நிறுத்திவிட்டால் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிடும்.)

"அரிசிச் சோறு சாப்பிட்டால் தீர்ந்தது, இதுக்குப் போய் இவ்வளவா?" என்று இங்கே யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2016ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவில் 23,000 பேருக்கு மேல் ரத்தம் சோதித்தார்கள். சீலியாக்குக்கான எதிர்ப்புப் புரதம் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு, தெற்கே 0.10 சதவீதம் பேருக்கு. இந்த வியாதிக்குத் தேவையான மரபணு மட்டும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. வித்தியாசம் தட்டில். வடக்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அதாவது நம்ம ஊர்க்காரர்களைக் காப்பாற்றி வந்தது இட்லி. இப்போது ராத்திரி ஆனால் வீட்டுக்கு வீடு சப்பாத்தி. சர்க்கரை என்றாலே "சோற்றை விடு, சப்பாத்தி சாப்பிடு" என்று பக்கத்து வீட்டு மாமியே பிரிஸ்கிரிப்ஷன் எழுதுகிறார். சின்ன வயதிலேயே வரும் டைப் 1 சர்க்கரைக்கும் சீலியாக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது மாமிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அரிசி வீட்டிலும் அவ்வளவு சுலபம் இல்லை. ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். மில்லில் முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில்தான் உங்கள் கேழ்வரகு விழும். ஓட்டலில் ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே சாதா தோசையும் வரும். கோவிலில் கேசரி கொடுத்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் கெடும் என்று 2007ல் ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. ஒரு துண்டு பிரெட்டில் இருப்பது இதைப் போல எத்தனையோ மடங்கு. "குளூட்டன் ஃப்ரீ" என்று பாக்கெட்டில் போட இந்திய விதி அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்தச் சோதனைக்கும், தனியாக அரைத்துத் தனியாக பேக் செய்வதற்கும் ஆகும் செலவெல்லாம் விலையில் ஏறும். அந்த பாக்கெட்டை ஃபேஷனுக்கு வாங்குபவரும் உண்டு, வேறு வழியில்லாமல் வாங்குபவரும் உண்டு. விலை இருவருக்கும் ஒன்றே.

மற்ற நாடுகள் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுகின்றன? இத்தாலி 2005ல் சீலியாக்குக்கென்றே ஒரு சட்டம் போட்டது. 2018ல் நிர்ணயித்த அளவுப்படி, 18 முதல் 59 வயது ஆணுக்கு மாதம் 110 யூரோ, பெண்ணுக்கு 90 யூரோ வரை குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசு கொடுக்கும். இங்கிலாந்தில் டாக்டர் சீட்டில் ரொட்டி எழுதும் வழக்கம் உண்டு. 2018ல் அதை ரொட்டி, மாவு என்ற அளவுக்குச் சுருக்கினார்கள். கனடா ஒரு படி மேலே போய்க் கணக்கு கேட்கிறது. சாதா ரொட்டியின் விலையையும் குளூட்டன் இல்லாத ரொட்டியின் விலையையும் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் மருத்துவச் செலவாக வரிக் கணக்கில் காட்டலாம். கொள்கை அருமை. ஆனால் வருடம் முழுக்க பில்லைச் சேர்த்து வைத்து ரொட்டி ரொட்டியாகக் கழிக்க வேண்டும், கட்டுகிற வரியும் இருக்க வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு அதில் என்ன பிரயோஜனம்?

இந்தியாவுக்கு இத்தாலி மாதிரி பணம் கொடுக்கச் சொன்னால் சிரிப்பார்கள். சரி, பணமே வேண்டாத ஒன்றைச் செய்யலாமே. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது இலவசம். பஞ்சாபில் அது கோதுமையாக வருகிறது. வியாதி அதிகம் உள்ள பகுதியில், அந்த வியாதியைக் கிளப்பும் தானியத்தையே மூட்டையில் கொடுக்கிறார்கள். அதை வெளியில் விற்று அரிசி வாங்கிக்கொள்ள வேண்டியது நோயாளியின் பாடு. இத்தனைக்கும் பஞ்சாப் மத்தியத் தொகுப்புக்கு லட்சக்கணக்கான டன் அரிசி கொடுக்கும் மாநிலம். அங்கே குடோன் குடோனாக அரிசி கிடக்கிறது, மற்ற மாநிலங்களுக்கு ரயிலேறுகிறது. சீலியாக் என்று உறுதியானவருக்குக் கோதுமைக்குப் பதில் அந்த அரிசியில் 5 கிலோவோ, கம்போ சோளமோ கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தமிழ்நாட்டிலும் செய்ய வேண்டியது உண்டு. 2022ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவா உப்புமாவும் சேமியா உப்புமாவும் இடம்பெற்றன. பொங்கலும் அரிசி உப்புமாவும் அதே பட்டியலில் இருந்தவைதான். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு என்றாலும், அந்தக் குழந்தைக்கு மட்டும் நாளை மாற்றித் தரச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும்.

உடனே ஒரு எதிர்ப்பு வரும், "ஆளாளுக்குப் பொய் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்களே". ரத்தப் பரிசோதனை, அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் சதை எடுத்து பயாப்ஸி, இவ்வளவையும் தாண்டித்தான் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு சீலியாக் என்று எழுதிக் கொடுப்பார்கள். 5 கிலோ கோதுமையை 5 கிலோ அரிசியாக மாற்றிக்கொள்வதற்காக ஒருவர் தன் குடலில் குழாய் விட்டுக்கொள்ளத் தயார் என்றால், அவருக்கு அந்த அரிசியைக் கொடுத்துவிடலாம்.