‘மூடிவிட்டார்களாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’

சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரே செய்தி பல்கலைக்கழக விடுதிகளிலும் ஆய்வாளர் குழுக்களிலும் சுற்றி வருகிறது: கடன் அட்டையின் வெகுமதிப் புள்ளிகளை மிகுதியாகச் சேர்ப்பவர்களின் கணக்குகளை வங்கிகள் காரணமே இல்லாமல் மூடுகின்றன. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். வங்கியின் பெயர் பாதி மறைந்திருக்கும், தேதி இராது. இதைப் பகிர்பவர்கள் யார்? மாணவரின் அடிக்குறிப்பில் பக்க எண் விடுபட்டால் இயலையே திருப்பி அனுப்புகிறவர்கள். சான்றாதாரம் பற்றி அவர்கள் வகுப்பறையில் பேசுவதெல்லாம் வகுப்பறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

முதலில் அந்த வாக்கியத்தையே பார்க்க வேண்டும். ‘வங்கிகள் கணக்குகளை மூடுகின்றன.’ எத்தனை வங்கிகள், எத்தனை கணக்குகள், எந்தக் காலத்தில் என்ற அளவுச்சொல் எதுவும் அதில் இல்லை. மொழியியலில் இதைப் பொதுமை வாக்கியம் என்பர். ‘நாய்கள் கடிக்கும்’ என்பதைப் போல, கடிக்காத ஆயிரம் நாய்களைக் காட்டினாலும் பொய்யாகாத வாக்கியம் அது. ஒருவருக்கு நேர்ந்தது ஒரு பகிர்விலேயே எல்லாருக்கும் நேர்வதாகிறது. தமிழிலோ இதற்கு எதிரான காப்பு ஒன்று பேச்சிலேயே உண்டு. ‘மூடிவிட்டார்களாம்’ என்று சொல்லும்போது, இது நான் கண்டதன்று, கேட்டது என்பதை ‘ஆம்’ என்ற ஒட்டு தெரிவித்துவிடுகிறது. துருக்கி, கெச்சுவா போன்ற மொழிகளும் அறிந்த வழியை இவ்வாறு ஒட்டுகளால் குறிக்கின்றன. ஆங்கிலப் பதிவு தமிழாக்கப்பட்டுப் பகிரப்படும்போது முதலில் உதிர்வது இந்த ஒட்டுதான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் தவறாமல் சேர்க்கும் எச்சரிக்கையை முனைவர் பட்டதாரி விட்டுவிடுகிறார்.

அடுத்தது ‘காரணமே இல்லாமல்’. காரணம் இல்லாமல் மூடுவது வேறு, காரணம் சொல்லாமல் மூடுவது வேறு. பதிவிடுபவருக்குத் தெரிந்தது இரண்டாவது. அவர் எழுதுவது முதலாவது. அட்டையிலிருந்து மின்பணப்பைக்குப் பணம் ஏற்றித் தம் கணக்குக்கே திருப்பிக்கொண்டாரா, நண்பருக்கு ‘வாடகை’ செலுத்தித் திரும்பப் பெற்றாரா, பரிசுச் சீட்டுகளைக் கத்தையாக வாங்கி விற்றாரா என்பன பதிவில் வருவதில்லை. அட்டை தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே, வணிகத்துக்கன்று என்ற விதி பல வங்கிகளின் நிபந்தனைகளில் உண்டு. 2022இன் இறுதியிலிருந்து வங்கிகள் வாடகைச் செலுத்தலுக்கு 1 விழுக்காடு கட்டணம் விதிக்கத் தொடங்கியது இத்தகைய சுழற்சிக்கு இடையேதான். அதற்காக வங்கியின் கடிதம் நேர்மையானது என்று பொருளன்று. ‘உள் கொள்கையின்படி தங்கள் அட்டையை ரத்து செய்யத் தீர்மானிக்கப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் எழுவாயும் இல்லை, காரணமும் இல்லை. இரு தரப்பும் தத்தம் செயலை மறைத்தே எழுதுகின்றன.

‘கணக்கு’ என்ற சொல்லும் வழுக்குகிறது. அட்டை ரத்தாவது, புள்ளிகள் பறிபோவது, கடன் வரம்பு குறைக்கப்படுவது, சேமிப்புக் கணக்கே மூடப்படுவது என நான்கும் ஒரே சொல்லில் அடைக்கப்படுகின்றன. நான்கின் விளைவுகளும் வெவ்வேறு, நிவாரணங்களும் வெவ்வேறு. ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை வழிகாட்டுதலின்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டையை, வாடிக்கையாளருக்கு அறிவித்து, 30 நாள்களில் பதில் வராவிட்டால் வங்கி மூடலாம். மேசை இழுப்பறையில் மூன்று அட்டைகளைத் தூங்கவிட்டவர் ஒன்றை இழந்து, ‘புள்ளி சேர்த்ததற்காகப் பழிவாங்கப்பட்டேன்’ என்று எழுதினால், வாசிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

அமெரிக்க அனுபவங்கள் இங்கே அப்படியே இறக்குமதியாவது இன்னொரு குழப்பம். அங்கே மூடப்பட்ட வைப்புக் கணக்குகளின் விவரத்தை வங்கிகளுக்குத் தரும் செக்ஸ்சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனம் உண்டு. இந்தியாவின் சிபில் கடன்களைத்தான் பதிவு செய்கிறது; சேமிப்புக் கணக்கு அதன் எல்லையில் இல்லை. ‘ஒரு வங்கி மூடினால் எல்லா வங்கியும் மூடும்’ என்ற பீதி அந்த நாட்டின் அமைப்பிலிருந்து கடன் வாங்கியது.

பதிவின் கடைசி வரியையும் பார்க்க வேண்டும். அச்சமூட்டிய பிறகு வேறொரு வங்கியின் அட்டைக்கு விண்ணப்பிக்கும் இணைப்பு அங்கே இருக்கிறதா? அந்த இணைப்பு வழியே அட்டை வழங்கப்பட்டால் பதிவிட்டவருக்குத் தரகு கிடைக்கலாம். பொருள் ஆதாயம் இருந்தால் வெளிப்படுத்த வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை கோருகிறது. ஆய்விதழில் நலமுரண் அறிவிப்பைத் தேடும் கண்ணுக்கு இது மட்டும் தெரியாமல் போவது வியப்பு.

இவ்வளவும் சொன்னபின், ‘ஆகவே எல்லாம் வதந்தி’ என்று தோள் குலுக்குகிறவர்களிடம்தான் பெரிய சண்டை. ‘இது வெறும் தனிநபர் அனுபவம், தரவன்று’ என்ற அவர்களின் வாதம் அறிவியல்போல் ஒலிக்கிறது. உண்மையில் அது சோம்பல். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்ட கடன் அட்டைகள் புழக்கத்தில் உள்ளன. நாற்பது பதிவுகளைக் கொண்டு மூடல் விகிதத்தைக் கணக்கிட முடியாது என்பது சரியே. ஆனால் இப்படியும் நடக்கிறது என்பதை நிறுவ, நன்கு சான்றுபெற்ற ஒரே ஒரு நிகழ்வு போதும். அழியும் மொழியின் கடைசிப் பேச்சாளர் ஒருவரிடம் பதிவு செய்ததை வைத்து இலக்கணம் எழுதும் துறையினர், ஒருவரின் சாட்சியம் சாட்சியமே அன்று என்று சொல்வது பொருந்துமா?

அவர்கள் கேட்கும் ‘தரவு’ எங்கே இருக்கிறது? ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வங்கிவாரியாக அட்டைகளின் எண்ணிக்கையையும் செலவுத் தொகையையும் வெளியிடுகிறது. வங்கி தானாக முன்வந்து மூடிய அட்டைகள் எத்தனை, எக்காரணத்தால் என்ற பத்தி அந்த அட்டவணையில் இல்லை. ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டப்படி, வங்கி 30 நாள்களில் பதிலளிக்காவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். ஆனால் வங்கியின் ‘வணிக முடிவு’ பற்றிய முறையீடுகளை அதே திட்டம் ஏற்புக்குரியவை அல்ல என்கிறது. ஓர் அட்டையை ரத்து செய்வதை வணிக முடிவென வங்கி சொல்லிவிட்டால் கதவு பாதி சாத்தியாயிற்று. எண்ணிக்கையை வெளியிடாத நிறுவனங்களைப் பற்றி, எண்ணிக்கை இல்லாததால் பேசாதே என்பது யாருக்கு வசதி?

இழப்பு இரு பக்கமும் உண்டு. மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதுவும் சில மாதங்கள் சேர்ந்தே வந்து விழும் தொகை, அட்டை தந்த வங்கியிலேயே இருக்கும். விடுதிக் கட்டணமும் அங்கிருந்தே போகும். பகிர்வை நம்பிப் பதறுகிறவர் புள்ளிகளைக் கிடைத்த மதிப்புக்கு விற்றுத் தம் மிகப் பழைய அட்டையைத் தாமே மூடி, கடன் வரலாற்றைச் சிதைத்துக்கொள்கிறார். நம்ப மறுத்துச் சிரிக்கிறவர், நண்பரின் பயணச் சீட்டுகளையெல்லாம் தம் அட்டையில் வாங்கிக் கொடுத்துப் புள்ளி சேர்த்து, கடிதம் வரும் நாளில் விழிக்கிறார்.

ஆகவே பகிர்பவரிடம் கேட்க வேண்டியது ‘உண்மையா?’ என்பதன்று. எது மூடப்பட்டது, எந்த நாளில், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் எவ்வகைச் செலவுகள், கடிதத்தின் முழு வாசகம் என்ன என்றே கேட்க வேண்டும். கணக்கு எண்ணை மறைப்பது நியாயம். தேதியை மறைக்கத் தேவையில்லை. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. மூடப்பட்ட அட்டை அதில் தேதியோடு இருக்கும். மூடியது வங்கியா வாடிக்கையாளரா என்பதை அறிக்கை சொல்லாமல் போகலாம்; எப்போது என்பதைச் சொல்லிவிடும்.