ரால்ஃப் பண்ணினது அவ்வளவு பெரிய தப்பா?

'ரெக்-இட் ரால்ஃப்' (2012) படத்தைப் பார்த்துவிட்டு, "ரால்ஃப் ஒரு பதக்கப் பைத்தியம், வேலையை விட்டு ஓடி ஊரையே மாட்டிவிட்டவன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். படத்தைத் தூங்கிக்கொண்டே பார்த்தார்களோ என்னவோ!

முப்பது வருடமாக அவன் கட்டிடத்தை உடைக்கிறான். அவன் உடைத்தால்தானே ஃபீலிக்ஸ் சுத்தியலோடு வந்து சரிசெய்ய முடியும்? ஆனால் பதக்கம் ஃபீலிக்ஸுக்கு. ரால்ஃபை மாடியிலிருந்து சேற்றில் தூக்கி எறிகிறார்கள். ராத்திரி படுக்கை குப்பைமேட்டில், செங்கல் குவியல்மேல். 30-ஆம் ஆண்டு விழாவுக்கு அழைப்புகூடக் கிடையாது. அழையாமல் போனவன் அங்கே கேக்கைப் பார்க்கிறான். எல்லார் பொம்மையும் மாடியில், அவனுடையது மட்டும் சேற்றில். அதையும் மேலே வைக்கலாமே என்கிறான், அவ்வளவுதான். ஜீன் மறுபடி சேற்றிலேயே வைக்கிறார். கேக் நொறுங்காமல் என்ன செய்யும்? :)

பதக்கம் ஜெயித்தால் மேல்மாடி வீடு என்று சவால் விட்டதும் அதே ஜீன்தான். சவால் விட்டவர் பெரிய மனிதர், நம்பிப் போனவன் சுயநலவாதியா?

தப்பே செய்யாதவன் இல்லை ரால்ஃப். சைபக்கை இன்னொரு விளையாட்டுக்குள் கொண்டுபோனது அவன்தான். வெனலபி கதறக் கதற அவள் காரை உடைத்ததும் அவன்தான். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் உடைத்தான், இருந்தாலும் பார்க்கச் சகிக்காது.

ஆனால் அவன் காணாமல் போனதும் என்ன ஆயிற்று? ஆர்கேட்காரர் லிட்வாக் 'பழுது' என்று சீட்டு ஒட்டிவிட்டார். பதக்கத்தோடு திரும்பியவன் கையில் ஜீன் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார். ஊரே காலி செய்துபோன கட்டிடத்தின் சாவி!

கடைசியில் ரால்ஃபுக்கும் கேக் வந்தது. எப்போது? விளையாட்டையே பிடுங்கிவிடுவார்களோ என்று எல்லாரும் நடுங்கின பிறகு.