மைத்ரர் ஏன் குதித்தார்?

வங்காளத்தில் பிள்ளை வளர்க்கிற யாரும் ரவீந்திரநாத்திடமிருந்து தப்பிக்க முடியாது. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகள்கூட, தேவாரம் தெரிகிறதோ இல்லையோ, 'ஆபிருத்தி' வகுப்புக்குப் போய் நாலு தாகூர் கவிதையாவது நெட்டுருப் போட்டிருக்கும். ஆபிருத்தி என்றால் மேடையில் நின்று ஏற்ற இறக்கத்தோடு கவிதை சொல்வது. அதற்குப் போட்டி உண்டு, கோப்பை உண்டு, ஜட்ஜோடு சண்டைக்குப் போகும் அம்மாக்களும் உண்டு.

இந்த வருஷம் என் பெண்ணுக்குக் கொடுத்தது 'தேபொதார் க்ராஷ்'. தெய்வத்தின் கவளம் என்று சொல்லிக்கொள்ளலாம். நீளமான கதைப்பாட்டு. 1890களின் இறுதியில் தாகூர் எழுதியது, 'கதா ஓ காஹினி' தொகுப்பில் இருக்கிறது. ஒரு மாதமாக வீட்டில் காலையும் மாலையும் இதே சத்தம் என்பதால் எனக்கே முக்கால்வாசி மனப்பாடம். இதில் வரும் ஒரு மனுஷரைப் பற்றி எனக்கும் மாடிவீட்டு மேஷோமொஷாய்க்கும் (வங்காளிகள் சித்தப்பா முறையில் கூப்பிடுவது) தீராத வழக்கு. அந்த வழக்கில் என் தரப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. ஊரில் மைத்ரர் என்ற பெரியவர் சங்கராந்தி ஸ்நானத்துக்கு கங்காசாகர் கிளம்புகிறார். நாம் பொங்கல் பானை வைக்கிற அதே நாள். கூட ஊர்க்காரர்கள் நிறையப் பேர். மோக்ஷதா என்ற இளம் விதவை, தானும் வருகிறேன் என்று கெஞ்சுகிறாள். படகில் இடமில்லை என்று பார்க்கிறார், கண்ணீருக்கு முன்னால் முடியவில்லை, சரி என்கிறார். அவள் பிள்ளை ராக்கால் பெரியம்மா அன்னதாவிடம் இருப்பதாக ஏற்பாடு. பிரசவத்துக்குப் பிறகு அம்மா ஜுரத்தில் கிடந்தபோது அவனைத் தூக்கி வளர்த்தது அன்னதாதான். பையனுக்கு அம்மாவைவிடப் பெரியம்மா மேல்தான் ஒட்டுதல்.

கிளம்புகிற நேரம், பயல் முன்னாலேயே வந்து படகில் உட்கார்ந்திருக்கிறான். கடலுக்குப் போகணுமாம். அம்மா கையைப் பிடித்து இழுக்கிறாள், அவன் படகைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். மைத்ரர் சிரித்துக்கொண்டே, போகட்டும் விடு, வரட்டும் என்கிறார். அந்தக் கோபத்தில் அம்மா, வா, உன்னைக் கடலிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். சொன்ன கணமே அவளுக்கே நெஞ்சில் குத்துகிறது. நாராயணனை நினைத்துக்கொண்டு பிள்ளையை மடியில் எடுத்து வைத்துத் தடவிக் கொடுக்கிறாள். மைத்ரர் அவளை மெல்லக் கூப்பிட்டு, ரகசியமாக, சீச்சீ, இப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்கிறார்.

அந்த 'ரகசியமாக' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் அன்னதா ஓடி வருகிறாள். என் பிள்ளையை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அழுகிறாள். மைத்ரர் அவளைத் தேற்றுகிறார். நான் இருக்கிறவரை உன் ராக்காலுக்கு ஒரு பயமும் இல்லை. குளிர்காலம், ஆறெல்லாம் அடங்கிக் கிடக்கிறது. போய்வர இரண்டு மாதம் ஆகும். உன் பிள்ளையை உன்னிடமே திருப்பிக் கொண்டுவந்து விடுவேன் என்கிறார்.

ஸ்நானம் ஆயிற்று, மேளா கலைந்தது, திரும்பி வருகிறார்கள். ரூப்நாராயண் நதியின் முகத்துவாரத்தில் படகு மாட்டிக்கொள்கிறது. ஓட்டுகிறவன் சொல்கிறான், தெய்வத்துக்குத் தருவதாகச் சொன்னதை யாரோ தராமல் வைத்திருக்கிறீர்கள், கொடுத்துவிடுங்கள் என்று. காசு, துணிமணி, கையில் கிடைத்ததை எல்லாம் எறிகிறார்கள். தண்ணீர் இன்னும் படகுக்குள் வருகிறது. மறுபடியும் கேட்கிறான். அப்போது மைத்ரர் எழுந்து மோக்ஷதாவைச் சுட்டிக் காட்டுகிறார்: பிள்ளையைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டுத் திருட்டுத்தனமாகத் திருப்பிக் கொண்டுபோகிறவள் இவள்தான். எல்லாரும் ஒரே குரலில், தூக்கிப் போடு என்கிறார்கள். அவள் மைத்ரரையே காப்பாற்றச் சொல்லிக் கதறுகிறாள். அவர் அவள் மேல் பாய்கிறார்: நானா உன்னைக் காப்பாற்றுகிறவன்? பெற்ற நீயே கொடுத்துவிட்டு, கடைசியில் நான் காப்பாற்ற வேண்டுமா? படகுக்காரர்கள் பிள்ளையைப் பிடுங்குகிறார்கள். மைத்ரர் கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, காதைப் பொத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அலைக்குள்ளிருந்து பையன் 'மாஷீ' என்று கத்துகிறான். அதாவது பெரியம்மா. அம்மா இல்லை! மைத்ரர் நிறுத்து நிறுத்து என்று அலறுகிறார். திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியபடியே தண்ணீரில் குதிக்கிறார். எழவில்லை. சூரியன் மறைகிறது. கவிதையும் அங்கேயே முடிகிறது.

மேஷோமொஷாயின் கட்சி: இது மூடநம்பிக்கையைச் சாடும் கவிதை, மைத்ரர் அதன் உருவம், கடைசியில் குற்ற உணர்ச்சியில் குதிக்கிறார், அவ்வளவுதான். பள்ளிக்கூட நோட்ஸ் மாதிரி இருக்கிறது என்றேன், கோபித்துக்கொண்டார். அவர் பக்கம் சரித்திரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாகர் தீவில் பிள்ளைகளை நேர்ந்துகொண்டு தண்ணீரில் விடுவது நிஜமாகவே நடந்த வழக்கம். வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது 1802-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை பிறந்தால் முதலாவதைத் தருகிறோம் என்று வேண்டிக்கொள்வார்களாம்.

ஆனால் மோக்ஷதா எதையும் வேண்டிக்கொள்ளவில்லையே. நேர்த்திக்கடன் வேறு, கோபத்தில் வாய் தவறுவது வேறு. இந்த வித்தியாசம் நம்மூர் அம்மாக்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாவிட்டால் 'கட்டையில போறவனே' என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை திட்டு வாங்கி வளர்ந்த நாம் யாரும் உயிரோடு இருந்திருக்க மாட்டோம் :-) அதே சமயம் நமக்கு அஸ்து தேவதைகளும் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் மேலே சுற்றிக்கொண்டே எது சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடுமாம். இந்தக் கவிதையின் கதையைக் கேட்ட என் அம்மா உடனே சொன்னது அதைத்தான். "அந்தப் பொண்ணு வாயைக் கட்டியிருக்கணும்டா." நம் வீடுகளில் பெரும்பாலும் தீர்ப்பு இப்படித்தான் வரும். பழி பெற்றவள் வாய்க்கு.

என் வாதம் வேறு. மைத்ரருக்கு அந்த நேரத்தில் தெய்வ நம்பிக்கை பெரிதாக இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அந்த வார்த்தை வெறும் கோபம் என்று அந்தப் படகில் நிச்சயமாகத் தெரிந்த ஆள் அவர்தான். பக்கத்திலேயே இருந்து கேட்டார். அவள் முகம் மாறியதைப் பார்த்தார். ரகசியமாகக் கண்டித்தார். அதைக் கடன் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே பரிகாரம் சொல்லியிருப்பார், சாகரத்தில் ஸ்நானம் பண்ணும்போது பிள்ளை பேருக்கு ஒரு தேங்காயாவது விடச் சொல்லியிருப்பார். ஒன்றும் செய்யவில்லை. படகுக்காரன் முதல் தடவை கேட்டபோதும் அவர் வாயைத் திறந்ததாகக் கவிதையில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டபோதுதான் எழுந்திருக்கிறார். காசும் துணியும் போய்விட்டன, இனி ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப்போகிறார்கள். யார் முகத்தை முதலில் பார்ப்பார்கள்? எல்லாரையும் கிளப்பிக் கூட்டிவந்தவர் முகத்தை. ஆறு அடங்கிக் கிடக்கிறது, ஆபத்தே இல்லை என்று அடித்துச் சொன்னவர் முகத்தை.

இந்த இடத்தில் ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கவிதையைக் கவனித்துப் படித்தால் தாகூர் புயலுக்குக் காரணம் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். மணல்திட்டு விழுந்து ஆற்றின் வழி குறுகியிருக்கிறது. கீழேயிருந்து கடல் ஏற்றம் வருகிறது. எதிரே வாடைக்காற்று அடிக்கிறது. நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்றால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும் என்பது நம் மீனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெய்வக் குற்றம் எதுவும் தேவையில்லை. அந்த இடமும் கற்பனை இல்லை. ஹூக்ளியில் ரூப்நாராயண் கலக்கும் அந்த முனைக்கு எதிரேதான் காதியாரா. கொல்கத்தாக்காரர்கள் பிக்னிக் போகிற ஊர். அங்கே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று ஒரு மணல்திட்டு. 1694-ல் அங்கே மூழ்கிய ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி என்ற கப்பலின் பேர் அது. பெரிய பெரிய கப்பல்களின் பைலட்டுகளே பயந்த திட்டு. ஒரு படகுக்கு அங்கே என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் வேண்டாம். (இப்போது சாகருக்கு அந்த வழியாகப் படகில் போக வேண்டியதில்லை. காக்துவீப் பக்கம் லாட் எட்டு வரை பஸ், அங்கிருந்து ஃபெர்ரி.)

ஆக, மைத்ரர் சொன்ன 'பயமில்லை' பொய்யாகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கையில் இன்னொருத்தியின் வார்த்தை இருக்கிறது. அவரைத் தவிர யாருக்கும் ஞாபகம் இல்லாத வார்த்தை. அதை எடுத்து வீசுகிறார். ஆபீஸில் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் முங்குகிறது, க்ளையன்ட் கால் போட்டு "யார்?" என்கிறான். அதுவரை அப்பா மாதிரி இருந்த மேனேஜர், டீக்கடையில் நீ தனியாக அவரிடம் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்து நாலு பேர் முன்னால் வைக்கிறார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். மைத்ரரும் அப்படித்தான். கெட்டவராக இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்.

இந்தக் கதையில் ஒரே படித்துறையில், சில நிமிஷ இடைவெளியில், இரண்டு வார்த்தைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று அம்மா கோபத்தில் சொன்னது, உன்னைக் கடலில் கொடுப்பேன். இன்னொன்று பெரியவர் நிதானமாகச் சொன்னது, உன் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவேன். எது கடன்? அம்மாவின் வார்த்தையை உடனே வாபஸ் வாங்கியாயிற்று. பெரியவரின் வார்த்தையை யாரும் வாபஸ் வாங்கவில்லை. படகில் அவர் அவளைச் சத்தியம் மீறியவள் என்கிறார், காப்பாற்ற நான் யார் என்கிறார். 'நான் இருக்கிறவரை' என்று சொன்னது இதே வாய்.

அதனால்தான் பையன் அம்மாவைக் கூப்பிடாமல் பெரியம்மாவைக் கூப்பிடுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மேஷோமொஷாய் இதைப் பிள்ளையின் பாசம் என்று விட்டுவிட்டார். அது அவனுக்குப் பாசம்தான். மைத்ரர் காதுக்கு அது கடன் கொடுத்தவளின் பேர். குதிக்கும்போது அவர் சொல்வது மன்னிப்பு இல்லை, கடவுள் பேர் இல்லை. அன்னதாவுக்குக் கொடுத்த அதே வாக்கு. பையனிடம் சொல்கிறார். கூட்டத்தின் பயமெல்லாம் வடிந்து, அந்தப் படித்துறையில் நின்ற மைத்ரர் திரும்பி வந்துவிட்டார், தாமதமாக. நான் அதை வெறும் குற்ற உணர்ச்சி என்று சொல்ல மாட்டேன். குற்ற உணர்ச்சி இருந்தால் ஆள் ஊருக்குப் போய் அழலாம், காசிக்குப் போகலாம், அன்னதான சத்திரம் கட்டலாம். வாக்கு மட்டும்தான் ஆளை அந்த நிமிஷமே தண்ணீருக்குள் இழுக்கும்.

கிட்டத்தட்ட அதே வருஷங்களில் ஆங்கிலத்தில் இன்னொரு ஆள் குதித்தான். ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்', 1900-ல் புத்தகமாக வந்தது. கான்ராட் மாலுமியாக கல்கத்தாவுக்கே வந்தவர், 1886 ஜனவரியில் இங்கே இருந்தார். ஹூக்ளியில் இதே திட்டைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். நாவலுக்குப் பின்னால் இருந்த நிஜச் சம்பவம் ஜெட்டா என்ற கப்பல். 1880 ஆகஸ்டில், 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளைக் கப்பலோடு விட்டுவிட்டு கேப்டனும் அதிகாரிகளும் படகில் இறங்கி ஓடினார்கள். கப்பல் மூழ்கவே இல்லை, பத்திரமாக ஏடன் போய்ச் சேர்ந்தது! கான்ராடின் ஜிம் பயணிகளை விட்டுக் குதித்துவிட்டு, ஏன் குதித்தேன் என்று கடைசிவரை அலைகிறான். ஜிம் குதித்துப் பிழைத்தான், வாக்கு போனது. மைத்ரரின் வாக்கு குதிப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது, அதன் பின்னாலேயே குதித்தார். எனக்கு என்னவோ இரண்டு பேரில் மைத்ரர்தான் நெருக்கம்.

ஏன் என்றால், வெளியூரில் இருக்கிற நாம் எல்லாருமே யாரோ ஒருவர் படித்துறையில் சொன்ன வார்த்தையில் ஏறி வந்தவர்கள். நான் முதல்முதலாக கோரமண்டலில் ஏறியபோது, லேக் மார்க்கெட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஊர்க்காரர் ஒருவர் என் அம்மாவிடம் சொன்னார், "நான் இருக்கேன்ல அக்கா, பையனைப் பத்திக் கவலைப்படாதீங்க." அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் அம்மா விட்டிருக்க மாட்டாள். இருபது வருஷம் கழித்து அதே வார்த்தையைச் சித்தி மகனுக்காக நான் சித்தியிடம் சொன்னேன். சொல்வது சுலபம். குளிர்காலமாக இருக்கும், ஆறு அடங்கிக் கிடக்கும். நாம் சொல்கிறபோது எதிரே நிற்கிற அம்மாவோ சித்தியோ அதை எந்த எடையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது சொல்கிறவருக்குத் தெரிவதில்லை. ஊரில் ஒவ்வொரு தீபாவளிக்கும் சித்தி அதே வார்த்தையை எனக்கே திருப்பிச் சொல்வாள், "நீ இருக்கங்கிற தைரியம்தான்."

மேஷோமொஷாய் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்கு காப்பாற்றுகிறவன் என்றால் பிள்ளையைப் பிடுங்க விடுவானா என்கிறார். நல்ல கேள்விதான். என்னால் சொல்ல முடிந்தது, அந்தப் படகில் எல்லாரும் சேர்ந்து ஒன்றைக் கத்தும்போது தனியாக ஒருவருக்கு நினைவு வர ஒரு பிள்ளையின் குரல் தேவைப்பட்டது என்பதுதான். அதற்குள் பிள்ளை தண்ணீரில்.

புயல் அடங்கியதா, படகு கரை சேர்ந்ததா என்று தாகூர் சொல்லவில்லை. அடங்கியது என்று எழுதியிருந்தால் தெய்வம் வாங்கிக்கொண்டது என்று ஆகிவிடும், அதனால் எழுதவில்லை என்று நினைக்கிறேன். என் பெண்ணுக்கு அதில் திருப்தி இல்லை. அன்னதா பெரியம்மாவிடம் போய் யார் சொல்வார்கள் என்று கேட்கிறாள். கூடவே மோக்ஷதா. மைத்ரர் குதிக்கும்போது அவள் அவர் காலடியில் மயங்கிக் கிடக்கிறாள். மயக்கம் தெளிந்து அவள் எழுந்திருக்கப்போவது அதே படகில், தூக்கிப் போடு என்று கத்திய அதே ஊர்க்காரர்களுக்கு நடுவில்.